ஹெல்பெண்டர்: ஓடைக்கல்லுக்கு அடியில் வாழும் பெரிய சாலமாண்டர்

கேள்வி: சார், தவளைக்கு உறவான, பல்லி போல வாலுள்ள இந்த ஹெல்பெண்டர் எவ்வளவு நீளம் வளரும்?

பதில்: பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு அடி. மிகப் பெரியவை 74 செ.மீ. வரை போகும். ஜப்பானில் உள்ள இதன் உறவினம் ஒன்றரை மீட்டரை எட்டும்.

கேள்வி: எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறதே, மூச்சு எப்படி?

பதில்: தோல் வழியாகத்தான். விலாவில் தொங்கும் தோல் மடிப்புகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைய உண்டு. நுரையீரல் இருந்தாலும் மூச்சுக்கு அதன் உதவி மிகக் குறைவு. குளிர்ந்து வேகமாக ஓடும் நீரில்தான் ஆக்சிஜன் அதிகம் என்பதால், கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலை ஓடைகள் இதற்கு ஏற்ற இடம்.

கேள்வி: கடித்தால் விஷமா?

பதில்: விஷம் கிடையாது. மீனையெல்லாம் தின்றுவிடும் என்று நினைத்தே பலர் இதைக் கொன்றார்கள். உண்மையில் இதன் முக்கிய உணவு கிரேஃபிஷ் என்னும், இறால் போன்ற நன்னீர் உயிரி. தூண்டிலில் மாட்டினால் முள்ளுக்கு அருகே நூலை வெட்டி நீரிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: வட கரோலைனாவில் இருக்கிறோம். பிள்ளைகள் ஓடைக் கற்களைப் புரட்டி அடுக்கி விளையாடுகிறார்கள். அதில் என்ன தப்பு?

பதில்: தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அகலமான தட்டைக் கல்லுக்கு அடியில்தான் இதன் குடித்தனமே. கோடை முடிந்து இலையுதிர் காலம் வரும்போது ஆண் அங்கே குழி பறித்து இடம் பிடிக்கும். பெண் மணிமாலை போல முட்டையிட்டுப் போய்விடும். அப்புறம் மாதக்கணக்கில் காவல் தகப்பன்தான். உடலை அசைத்து அசைத்து முட்டைகளுக்குப் புது நீர் பாயச் செய்யும். அந்தக் கல்லைத் தூக்கினால் முட்டைகள் வெள்ளத்தோடு போய்விடும், அடியில் இருக்கும் விலங்கும் நசுங்கலாம். சாலை வேலை, காடழிப்பு, வயல் ஆகியவற்றிலிருந்து வரும் வண்டலும் இதே கேட்டைத்தான் செய்கிறது. கல்லிடுக்குகளை அடைத்து, குஞ்சுகள் ஒளிய இடமில்லாமல் ஆக்கிவிடும்.

கேள்வி: காப்பாற்ற ஏதாவது நடக்கிறதா?

பதில்: நடக்கிறது. நடு அமெரிக்க மாநிலங்களான மிசௌரி, ஆர்கன்சாவில் உள்ள ஓசார்க் பகுதியின் ஹெல்பெண்டர் 2011-இல் அமெரிக்காவின் அழியும் இனங்கள் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலை இதை முதன்முறையாக வளர்ப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. இன்னொரு கிளையினமான கிழக்கு ஹெல்பெண்டரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க 2024 டிசம்பரில் முன்மொழிந்தார்கள். வளர்த்த குஞ்சுகளை ஆற்றில் விடுகிறார்கள். ஆனால் ஓடையில் வண்டல் குறையாவிட்டால் அது போதாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: நம்மூர் மலைகளில் சாலமாண்டர் உண்டா?

பதில்: தமிழ்நாட்டில் இல்லை. டார்ஜிலிங், சிக்கிம் பக்கம் ஒரு சிறிய இனம் உண்டு.