கர்ப்பத்தில் வந்த சர்க்கரை சரியாகிவிட்டது, இனி பயமில்லையா?

கேள்வி: வயது 38. வங்கியில் வேலை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு, அம்மாவுக்கு இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் கர்ப்பமாக இருந்தபோது எனக்கும் சர்க்கரை கூடியது. பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது என்றார்கள். போன வாரம் வெறும் வயிற்றில் விரலில் குத்திப் பார்த்ததில் 98. இடுப்பு 34 அங்குலம். நடைப்பயிற்சிக்கு நேரமில்லை. எனக்குச் சர்க்கரை நோய் வர வாய்ப்பு எவ்வளவு? (வாசகி, மதுரை)

பதில்: அந்த 98-ஐ வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள் அம்மா. பலருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒழுங்காகவே இருக்கும். சாப்பிட்ட பிறகு ஏறுவதுதான் முதலில் தொடங்கும்.

நம் மக்களுக்கென்றே சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். ரத்தம் எடுக்க வேண்டாம், நான்கு கேள்விகள்தான். உங்களுக்குப் போட்டுப் பார்க்கிறேன். வயது 35-க்கும் 49-க்கும் இடையில், அதற்கு 20. பெற்றோரில் ஒருவருக்கு நோய், 10. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லை, 30. இடுப்பு 34 அங்குலம் என்றால் சுமார் 86 செ.மீ.; பெண்களுக்கு 80-ஐத் தாண்டினாலே 10. மொத்தம் 70. அறுபதும் அதற்கு மேலும் இருந்தால் அபாயம் அதிகம் என்று பொருள்.

இடுப்பை எங்கே அளந்தீர்கள்? புடவை கட்டும் இடத்தில் அளந்தால் தவறாகிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்டு அளந்து பாருங்கள்.

இந்த நான்கு கேள்விகளில் உங்கள் கர்ப்பகாலச் சர்க்கரை வரவே இல்லை, கவனித்தீர்களா? என்னைக் கேட்டால் அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அது வந்துபோன பெண்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுதல். பிரசவமான ஆறாவது வாரத்தில் ஒரு முறை, அதன்பின் விடாமல் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அவசரத்தில் தாயின் பரிசோதனையை வீட்டில் யாருமே நினைவு வைப்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஆகவே இந்த மாதமே ஆய்வகத்தில் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முந்தைய மூன்று நாள் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். பரிசோதனைக்குப் பயந்து சோற்றைக் குறைக்க வேண்டாம். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, கரைத்துத் தரும் குளுக்கோஸை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து மறுபடி கொடுக்க வேண்டும். இரண்டாவது அளவு 140-க்குக் கீழே என்றால் நல்லது. 140 முதல் 199 வரை நோய்க்கு முந்தைய நிலை. 200-ஐத் தொட்டால், இன்னொரு பரிசோதனையில் உறுதிசெய்து சிகிச்சை தொடங்க வேண்டும். மூன்று மாதச் சராசரி பார்க்கும் ஹெச்பிஏ1சி மட்டும் போதுமே என்பார்கள். ரத்தசோகை இருந்தால் அது தப்பாகக் காட்டக்கூடும்.

140-க்கு மேல் வந்தாலும் கலங்காதீர்கள். அந்த நிலையில் இருந்தவர்களை வைத்துச் சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்கு நோய் வருவது சுமார் 28 சதவீதம் குறைந்தது. வயதையும் அப்பாவையும் மாற்ற முடியாது. தினமும் அரை மணி நேர வேக நடையும், 80-க்குக் கீழே இறங்கிய இடுப்பும் உங்கள் 70-ஐ 50 ஆக்கிவிடும். நேரமில்லை என்கிறீர்கள், காலையில் பத்து, மதியம் பத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் என்று பிரித்து நடந்தாலும் பலன் உண்டு.

முடிவு சரியாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை பாருங்கள். இன்னொரு குழந்தைக்கு எண்ணம் இருந்தால், கருத்தரிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.