முப்பது நாள் நடிப்புப் பயிற்சிக்கு மகளை அனுப்பலாமா? ஓர் அப்பாவுக்குப் பதில்

வணக்கம் சார்.

நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு மகள் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறாள்: சென்னையில் 30 நாள் நடிப்புப் பயிற்சி, கட்டணம் 40,000 ரூபாய், தங்கும் செலவு தனி. அவளுடைய அம்மா இரண்டு நாளாக யாரிடமும் பேசுவதில்லை. "நடிப்பெல்லாம் ஒரு மாசத்துல வந்துருமா சார்?" என்று கேட்டீர்கள்.

வராது. உங்கள் மகளுக்கே அது தெரிந்திருக்கும். ஆனால் ஒரு மாதத்தில் வேறொன்று தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் இருக்கும் அலுப்பை அவளால் தாங்க முடியுமா என்பதுதான் அது. கட்டணத்தை அதற்காகக் கட்டுவதாக வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன கோடையில் ஒரு நடிப்பு வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காலை ஆறரை மணி. முதல் ஒரு மணி நேரம் யாரும் ஒரு வசனம்கூடப் பேசவில்லை. ஓட்டம், சிலம்பத்தின் காலடி வரிசை, பிறகு தரையில் மல்லாந்து படுத்து மூச்சுப் பயிற்சி. அப்புறம் ஆசிரியர் ஒரு பெண்ணை எழுப்பி, வெறுங்கையோடு சூடான டீ குடித்துக் காட்டச் சொன்னார். ஊதினாள், உறிஞ்சினாள், நாக்கைச் சுட்டுக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். குடித்து முடித்ததும் கையைத் தொங்கப் போட்டாள். "கிளாஸ் எங்கம்மா போச்சு?" என்றார் ஆசிரியர். கிளாஸைக் கீழே வைக்காமலே விரல்களை மூடியிருந்தாள். மறுபடி. இந்த முறை ஒழுங்காகக் கீழே வைத்தாள், ஆனால் கொதிக்கிற கிளாஸை உள்ளங்கையால் முழுக்கப் பிடித்திருந்தாள். டீக்கடையில் அப்படி யார் பிடிக்கிறார்கள்? மேல் விளிம்பில் இரண்டு விரல்தானே. மறுபடி, மறுபடி. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் நான் போனபோது, பஸ் ஸ்டாண்ட் டீக்கடை ஓரமாக அரை மணி நேரம் நின்று எல்லோருடைய கையையும் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

அதே வகுப்பில் ஒரு பையன் மூன்றாம் நாளே நின்றுவிட்டான். அவன் வீட்டில் பணம் போச்சே என்று புலம்பியிருப்பார்கள். என்னைக் கேட்டால், மூன்று வருடம் அலைந்து தெரிந்துகொள்ள வேண்டியதை அவன் மூன்று நாளில் தெரிந்துகொண்டான்.

சரி, நல்ல வகுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? விளம்பரத்தில் இருக்கும் பிரபலங்களின் படங்களை விட்டுவிடுங்கள். 30 நாளுக்கான கால அட்டவணையைக் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் உடல், மூச்சு, குரல் ஆகியவற்றுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா? ஒரே காட்சியைப் பல நாள் ஒத்திகை பார்க்கிறார்களா? கேமரா முன்னால் நின்று, குறித்த இடத்தில் காலை நிறுத்தி, பார்வை தவறாமல் பேசிப் பழக நாட்கள் உண்டா? பேச்சில் மட்டும் சொன்னால் போதாது, தாளில் இருக்க வேண்டும். அட்டவணையே இல்லை என்றாலோ, பாதி நாட்கள் 'பிரபலத்துடன் சந்திப்பு', 'போட்டோ ஷூட்' என்று இருந்தாலோ விட்டுவிடலாம்.

அடுத்த கேள்வி, ஒரு பேட்ச்சில் எத்தனை பேர். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் நானே ஒரு முகாமைப் பரிந்துரைத்து ஒரு பையனை அனுப்பினேன். ஒரு ஹாலில் அறுபது பேர், ஒரே மைக். பத்து நாளில் அவன் எழுந்து நடித்தது இரண்டே தடவை. அந்தக் குடும்பத்திடம் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. பதினைந்து, இருபது பேருக்கு மேல் இருந்தால் கற்பது குறைவு, வேடிக்கை பார்ப்பதுதான் அதிகம்.

"பயிற்சி முடிந்ததும் படத்தில் வாய்ப்பு உறுதி" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அந்த உறுதியைத் தர இந்தத் தொழிலில் எவராலும் முடியாது. நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பசுபதி, குரு சோமசுந்தரம் போன்ற நடிகர்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் மேடையிலேயே பழகியவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு பார்க்கும் வேலையில் சேர்ந்து, கூடவே நடிப்பையும் பார்த்துக் கற்றவர். கூட்டத்தில் ஒருவராக, சின்னச் சின்ன வேடங்களில் நின்றுவிட்டு 2010-இல்தான் அவர் கதாநாயகன் ஆனார். விளம்பரங்கள் கடைசி வருடத்தை மட்டும்தான் காட்டும்.

ஆடிஷனுக்குப் பதிவுக் கட்டணம், 'கோஆர்டினேட்டர்' கமிஷன், அவர்கள் சொல்கிற ஸ்டூடியோவில்தான் போர்ட்ஃபோலியோ (புகைப்படத் தொகுப்பு) எடுக்க வேண்டும் என்கிற நிபந்தனை, இவையெல்லாம் பணம் பறிக்கும் வழிகள். உண்மையான ஆடிஷனுக்கு யாரும் காசு கேட்பதில்லை. செல்போனில், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு நிமிடம் பேசி எடுத்த வீடியோ ஆரம்பத்துக்குத் தாராளம். ஒப்பந்தம் என்று எதையாவது நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். 18 வயது நிரம்பாத பெண் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதால் உங்களிடம்தான் நீட்டுவார்கள்.

நீங்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கும் வருகிறேன். பெண் பிள்ளையை அனுப்புகிறோம், பத்திரமா? நடிப்புப் பயிற்சியில் உடலைத் தொட்டுத் திருத்துவது உண்டு, அழுகிற காட்சி, நெருக்கமான காட்சி எல்லாம் வரும். எனவே தயங்காமல் கேளுங்கள்: பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, தொடுவதற்கு முன் சம்மதம் கேட்பார்களா, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு அமைத்திருக்கிறார்களா. ஒரு நாள் வகுப்பைப் பெற்றோர் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பார்க்கலாம். மகளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: வகுப்பு நேரத்துக்கு வெளியே, தனியாக, 'ஸ்பெஷல் கோச்சிங்' என்று யார் கூப்பிட்டாலும் போக வேண்டாம், உடனே வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். சொன்னால் அப்பா பயிற்சியை நிறுத்திவிடுவார் என்ற பயத்திலேயே பல பிள்ளைகள் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். நிறுத்த மாட்டேன் என்று முதலிலேயே வாக்குக் கொடுங்கள்.

டிகிரியா நடிப்பா என்று படிப்பு விஷயத்தில் உங்கள் வீட்டில் நடக்கும் சண்டைக்கு உண்மையில் காரணமே இல்லை. தில்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பில் சேர ஏதாவது ஒரு பட்டமும் நாடக அனுபவமும் வேண்டும். புனே திரைப்படக் கல்லூரியின் நடிப்புப் படிப்புக்கும் பட்டம் வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் முதுகலை சேரவும் அப்படியே. தரமணி அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் நடிப்புக்கு இடம் கிடைக்குமா என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. அங்கே இருப்பவை ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு மாதிரியான பட்டப்படிப்புகள். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேர்ந்தால் நடிகை ஆகிவிடலாம் என்பதும் அதே மாதிரி ஒரு நம்பிக்கைதான். ஆக, தில்லி, புனே, புதுச்சேரி மாதிரி இடங்களில் நடிப்பை முறையாகப் படிக்க நினைத்தாலும் முதலில் ஒரு டிகிரி முடித்தாக வேண்டும். அது பி.காம். ஆக இருக்கலாம், தமிழ் இலக்கியமாக இருக்கலாம். நாடகக் குழு உயிரோடு இருக்கிற கல்லூரியாகத் தேடிச் சேருங்கள், மூன்று வருடத்தில் நாலைந்து மேடையாவது ஏறிவிடுவாள். இதை அவள் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் ஆலோசகர் ஏதோ சொல்கிறார் என்று போய்விடும்.

கல்லூரி விண்ணப்பங்கள் பயிற்சிக் காலத்திலேயே வரும். பெரும்பாலும் ஆன்லைன்தான், சென்னையிலிருந்தே போடலாம். அதை அவள் பொறுப்பிலேயே விடுங்கள். வகுப்பு முடிந்து களைத்து வந்த பிறகும் கடைசித் தேதியை நினைவு வைத்து அனுப்புகிறாளா என்று பாருங்கள்.

40,000 கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால் கட்டாதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கம் நாடகக் குழு இருந்தால் கோடை முழுக்க அவர்கள் ஒத்திகைக்கு அனுப்புங்கள், சில நூறு ரூபாய் பஸ் செலவோடு முடியும். தெருக்கூத்து ஆடும் ஊர் பக்கத்தில் இருந்தால் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்க்கட்டும். மைக் இல்லாத காலத்திலேயே கடைசி வரிசை வரை கேட்கப் பாடிய மரபு அது. குரல் என்றால் என்னவென்று அங்கே புரியும்.

இப்போதைக்கு அந்த இடத்தின் கால அட்டவணையையும் பயிற்சியாளர்கள் யார் என்ற விவரத்தையும் கேட்டு வாங்கி எனக்கு அனுப்புங்கள். கேட்பது நீங்கள் வேண்டாம், மகளையே போன் செய்யச் சொல்லுங்கள். அட்வான்ஸ் எதுவும் அதுவரை கட்ட வேண்டாம்.