இவ்வளவு சின்ன சிங்கப்பூர் எப்படி உலக நகரமானது?

வானளாவிய கட்டடங்களை விடுங்கள், துறைமுகத்தைப் பாருங்கள். அங்கே இறங்கும் கண்டெய்னர்களில் பெரும்பகுதி அந்த ஊருக்கானதே இல்லை. ஒரு கப்பலில் வந்து இறங்கி, வேறு கப்பலில் ஏறிப் போய்விடும். நாம் ஜங்ஷனில் ரயில் மாறுகிற மாதிரி. இந்தியப் பெருங்கடலுக்கும் கிழக்கு ஆசியாவுக்கும் இடையே கப்பல்கள் போகும் முக்கிய வழியான மலாக்கா நீரிணையின் வாசலில் இருப்பது அதிர்ஷ்டம், சரி. ஆனால் 1819-இல் ஆங்கிலேயர் வந்ததிலிருந்தே அது வரியில்லாத் துறைமுகம். 1972-லேயே அங்குள்ள தஞ்சோங் பகார் பகுதியில் கண்டெய்னர் முனையமும் திறந்துவிட்டார்கள். அதெல்லாம் யோசித்துச் செய்தது. கப்பல் வந்தால் எண்ணெய் நிரப்ப வேண்டும் (இதில் உலகிலேயே முதலிடம் சிங்கப்பூருக்குத்தான்), காப்பீடு வேண்டும், வங்கி வேண்டும். அப்புறம் சரக்கில் தகராறு வந்தால்? அதைத் தீர்க்கவும் 1991 முதல் அங்கேயே சர்வதேச நடுவர் மையம் இருக்கிறது.