முயல் தும்மினால் முன்னங்காலைப் பாருங்கள்

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் விளைக்குள் கொட்டகை போட்டு முயல் வளர்க்கிறேன். மழை தொடங்கியதிலிருந்து சில முயல்கள் தும்முகின்றன, மூக்கில் வெள்ளையாகச் சளி வருகிறது. ஒரு தாய் முயலுக்குத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நாங்கள் சாப்பிடும் அமாக்சிசிலின் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வைத்திருந்தால் இப்போதே அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முயல் புல்லைச் செரிப்பதே குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களால்தான். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், லின்கோமைசின் போன்றவை வாய் வழியாகப் போனால் அந்த நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா பெருகும். அப்புறம் கழிச்சல் கண்டு, சளியைத் தாங்கிய முயல்கூட மருந்தால் செத்துப்போகும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா மேல்தான் முதல் சந்தேகம். ஒவ்வொரு முயலையும் எடுத்து முன்னங்கால்களின் உள்பக்கத்தைப் பாருங்கள். முயல் மூக்கை அங்கேதான் துடைக்கும். ரோமம் ஒட்டிக் காய்ந்து திரிதிரியாக இருந்தால், நீங்கள் பார்க்கும் நேரத்தில் மூக்கு சுத்தமாக இருந்தாலும் அதற்குச் சளி இருக்கிறது. தூசியால் வரும் தும்மலில் இப்படிக் கெட்டியான சளி வராது. தோலுக்கடியில் கட்டி இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். முயலின் சீழ் கெட்டித் தயிர் போல இருக்கும், கீறிவிட்டாலும் வடியாது. அதனால் நீங்களே கீற வேண்டாம்.

தலை சாய்ந்த தாய் முயலின் காதுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்பாகப் பொருக்கு அடுக்கடுக்காக இருந்தால் அது சொறி உண்ணி, அதற்கு மருந்து வேறு. காது சுத்தமாக இருந்தும் தலை சாய்ந்திருந்தால், மூக்கிலிருந்த கிருமி உள்காதுக்கு ஏறியிருக்கலாம். வேறு காரணங்களும் உண்டு என்பதால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

குட்டிகளுக்குக் கழிச்சல் இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். அது ரத்தக்கழிச்சல் நோயாக இருக்கலாம். அதற்குக் காரணம் பாக்டீரியா அல்ல, காக்சிடியா என்ற ஒட்டுண்ணி. சாணப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் சாரலுக்குப் பயந்து தார்ப்பாயால் கொட்டகையை நாலு பக்கமும் மூடிவிடுகிறோம். கூண்டுக்கு அடியில் மூத்திரமும் புழுக்கையும் ஊறி அமோனியா கிளம்பும். அது மூக்கின் உள்தோலைப் புண்ணாக்கினால் கிருமிக்கு வேலை சுலபம். காலையில் கூண்டின் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் முயல்களுக்கு இரவு முழுக்க அதே எரிச்சல்தான். சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் மூடுங்கள், தரையைத் தினமும் வாருங்கள்.

நோய் கண்டவற்றை இன்றே தனிக் கொட்டகைக்கு மாற்றுங்கள். தீனி வைக்கும்போது நல்ல முயல்களைக் கவனித்துவிட்டுக் கடைசியாக அங்கே போங்கள். கால்நடை மருந்தகத்தில் மூக்குச் சளியை எடுத்து, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு முயல் செத்தால் புதைத்துவிடாதீர்கள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து மருந்தகத்துக்கோ, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோனால் நுரையீரலைப் பார்த்துச் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். சளி நின்றாலும் கிருமி உள்ளே தங்கியிருக்கும். தாயிடமிருந்து குட்டிக்குத் தொற்றும். அந்த முயல்களை இனி இணை சேர்க்காதீர்கள், வளர்ப்புக்கென்று யாருக்கும் விற்காதீர்கள்.