உளி பிடித்த கைக்குப் பரீட்சை எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கான்ட்ராக்டரிடம் பல வருடங்களாகப் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் தச்சு வேலை செய்கிறேன். ‘லீட் கார்பென்டர்’, அதாவது தலைமைத் தச்சர், சான்றிதழ் வாங்கு என்கிறார் முதலாளி. வேலை தெரிந்தவனுக்கு அது எதற்கு?

பதில்: ‘நாரி’ என்கிற ரீமாடலிங் தொழில் சங்கம் தரும் சான்றிதழைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். வாங்குங்கள். பரீட்சையில் கதவை நிலையில் பொருத்துவது போன்ற கைவேலையை மட்டும் கேட்கப்போவதில்லை. ஆட்கள் குடியிருக்கும் வீட்டை உங்களை நம்பி விட்டுவிட்டுப் போகலாமா, அதுதான் விஷயம். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் எந்த வரிசையில் வரவேண்டும், வீட்டுக்காரர் நடுவில் மனசு மாறினால் அதை எழுதி வாங்கினீர்களா, சமையலறைச் சுவரை இடிக்கும் முன் மேலே ஏறி உத்தரங்கள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்று பார்த்தீர்களா? சுவருக்குக் குறுக்காக ஓடினால் அது சுமை தாங்கும் சுவராக இருக்க வாய்ப்பு அதிகம், முட்டு கொடுக்காமல் ஒரு கட்டையைக்கூட அறுக்கக் கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் தடுமாறிவிடுவோம். அதனால் கடைசியாகச் செய்த நாலைந்து வேலைகளை, சுவருக்குள் என்ன இருந்தது, எதனால் தாமதம் என்பது உட்பட, ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். படிப்பில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

அப்புறம், இந்த லீட் கார்பென்டர் சான்றிதழ் நீங்களாக விரும்பி வாங்குவது. பழைய பெயின்டில் இருக்கும் நச்சு ஈயத்தைப் பரவவிடாமல் வேலை செய்வதற்கான ஈயப் பெயின்ட் சான்றிதழ் அப்படியல்ல, அது சட்டம். 1978-க்கு முன் கட்டிய வீட்டில், ஓர் அறைக்குள் 6 சதுர அடிக்கு மேல் பழைய பெயின்ட் சுரண்டவோ உடைக்கவோ படுகிறது என்றால், அந்தப் பயிற்சி பெற்றவர் பொறுப்பில்தான் வேலை நடக்க வேண்டும். பயிற்சி 8 மணி நேரம். பிளாஸ்டிக் விரித்து மூடுவது, நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ‘ஹெப்பா’ வாக்குவம் போடுவது, கடைசியில் ஈரத்துணியால் தரையைத் துடைத்து, துணியின் அழுக்கை ஒரு நிற மாதிரி அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வரை சொல்லித் தருவார்கள். அட்டையைவிடக் கறுப்பாக இருந்தால் திரும்பவும் சுத்தம் செய்ய வேண்டியதுதான். குழந்தைகள் தவழும் வீடுகளை நினைத்தால் இதில் முணுமுணுக்க ஒன்றுமில்லை. முதலில் இதை முடித்துவிடுங்கள்.

நாளைக்குத் தனியாகத் தொழில் தொடங்கும் எண்ணம் இருந்தால், கான்ட்ராக்டர் லைசென்ஸ் வேறு, அதன் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சரி, பரீட்சைக் கட்டணத்தை யார் கட்டுவது என்று முதலாளியிடம் இப்போதே பேசிவிடுங்கள். வாங்கச் சொன்னவர் அவர்தானே!