சிங்கப்பூர் தீம் பார்க்குக்குத் தவணையில் போகலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் அக்கவுண்டன்டாக இருக்கிறேன். சம்பளம் 52,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 24,000 வாங்குகிறார். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. மகளோடு படிக்கும் இரண்டு பிள்ளைகள் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் போய்வந்ததிலிருந்து வீட்டில் தினமும் அதே பேச்சுதான். ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். மே மாதம், 4 இரவு 5 பகல், நான்கு பேருக்கு 2,60,000 ரூபாய். 12 மாதம் வட்டியில்லாத் தவணையும் உண்டு என்கிறார்கள். எங்கள் மாதச் செலவு: வீட்டுக் கடன் தவணை 19,500, வீட்டுச் செலவு 30,000, பள்ளிக் கட்டணத்துக்காக எடுத்துவைப்பது 12,000, ஏலச் சீட்டு 10,000 (2 லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 மாதம், 8 மாதம் முடிந்துவிட்டது). வங்கியில் 2 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. தவணையில் போகலாமா, சீட்டை இப்போதே எடுக்கலாமா, எஃப்.டி.யை உடைக்கலாமா? நகையை அடகு வைக்கலாம் என்கிறார் மனைவி. மகளிடம் என்ன சொல்வது?

பதில்: கணக்கு எழுதுபவர் என்பதால் வரவு செலவைச் சுத்தமாக அனுப்பியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. இருவர் வருமானமும் சேர்த்து 76,000. நீங்கள் எழுதிய செலவுகளைக் கூட்டினால் 71,500. மாதம் கையில் நிற்பது 4,500 ரூபாய்.

இப்போது அந்த வட்டியில்லாத் தவணையைப் பாருங்கள். 2,60,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 21,667. உங்களிடம் இருப்பது 4,500. வட்டி உண்டா இல்லையா என்ற கேள்விக்கே போக வேண்டியதில்லை, தவணையே உங்கள் கைக்கு அடங்காது. சரி, தனிநபர் கடனாக 36 மாதத்துக்கு நீட்டினால்? 14 சதவீத வட்டியில் மாதம் ஏறக்குறைய 8,890 வரும். அதுவும் மிச்சத்தைப்போல இரண்டு மடங்கு. மூன்று ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 60,000 ரூபாய். ஐந்து நாள் சுற்றுலாவுக்கான கடன் தீரும்போது உங்கள் மகள் ஏழாம் வகுப்பில் இருப்பாள்.

வட்டியில்லாத் தவணை என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்கி வட்டி வாங்காமல் இருப்பதில்லை. அந்த வட்டித் தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார், அவ்வளவுதான். வட்டியின் மேல் வரும் ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். இனி யாராவது இப்படிச் சொன்னால், "மொத்தமாகக் கையில் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். விலை இறங்கினால், அந்த இறங்கிய தொகைதான் நீங்கள் கட்டவிருந்த வட்டி.

சீட்டை இப்போது எடுப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இன்னும் 12 மாதம் பாக்கி இருக்கும்போது, எடுக்க ஆள் அதிகம் இருந்தால் கழிவும், அதாவது ஏலத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கும் தொகையும், ஏறும். 25 சதவீதக் கழிவில் எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 1,50,000. ஜாமீன் கொடுக்க வேண்டும், மீதி மாதங்களும் தொடர்ந்து கட்ட வேண்டும். கடைசிவரை பொறுத்திருந்தால் 5 சதவீதக் கமிஷன் போக 1,90,000 கிடைக்கும். இடையில் உள்ள 40,000 ரூபாய், ஓராண்டு பொறுக்காததற்கு நீங்கள் கொடுக்கும் விலை. (சீட்டு, சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான நிறுவனத்துடையதுதானா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. பதிவு இல்லாத சீட்டு என்றால் சிங்கப்பூரை விடுங்கள், முதலில் அந்தப் பணம் பத்திரமாக வந்துசேருமா என்றுதான் பார்க்க வேண்டும்.)

எஃப்.டி.யைத் தொடாதீர்கள். சீட்டை நீக்கிப் பார்த்தால் உங்கள் குடும்பம் ஒரு மாதம் ஓட 61,500 வேண்டும். 2 லட்சம் என்பது மூன்று மாதச் செலவுக்குச் சற்று மேல். ஒருவருக்கு வேலை போனால், ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் வீட்டுக் கடன் தவணையைத் தாங்கப்போவது அந்தப் பணம்தான். நகை அடகும் வேண்டாம். மீட்க மாதம் 4,500 ரூபாய்தானே இருக்கிறது? வட்டியைக் கட்டிக் கட்டித் திருப்பி வைப்பதிலேயே வருடங்கள் ஓடிவிடும்.

"அப்படியானால் போகவே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. போங்கள், ஆனால் இந்த மே மாதம் வேண்டாம். அதற்குப் பணம் மட்டும் காரணமில்லை.

வீட்டில் இஞ்ச் டேப் இருக்கிறதா? மகனைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்து பாருங்கள். யுனிவர்சல் ஸ்டுடியோஸில் 4 வயதிலேயே குழந்தை டிக்கெட் தொடங்கிவிடுகிறது, ஆனால் ரைடில் ஏற்றுவது உயரத்தைப் பார்த்து. கேலக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ., மம்மி ரைடுக்கு 122, டைனோசர்களுக்கு நடுவே தண்ணீரில் போகும் ரைடுக்கு 107 செ.மீ. வேண்டும். 4 வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் 100 செ.மீ.க்குச் சற்று முன்பின் இருப்பார்கள். 9 வயது மகள் அநேகமாக எல்லாவற்றிலும் ஏறலாம். அதாவது மகனுக்கு முழுக் குழந்தைக் கட்டணம் கட்டுவீர்கள், பெரிய ரைடுகளின் வாசலில் அவன் அழுவான், உங்களில் ஒருவர் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்பீர்கள். இந்த வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு 6 செ.மீ. அளவில் வளர்கிறார்கள். ஒன்றரை ஆண்டு கழித்தால் அந்தத் தண்ணீர் ரைடாவது அவனுக்கு எட்டிவிடும். மகளுக்கும் அவசரமில்லை. 12 வயது முடியும்வரை அங்கே குழந்தைக் கட்டணம்தான். ஆக உங்களுக்கு மூன்று ஆண்டுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. உயர வரம்பை மட்டும் டிக்கெட் எடுக்கும் சமயத்தில் அவர்கள் இணையதளத்தில் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் நாள் அடுத்த வருடக் காலாண்டு விடுமுறை. மனைவி ஆசிரியை என்பதால் பள்ளி நாட்களில் கிளம்ப முடியாது. மே மாதம் தமிழ்நாடே விடுமுறையில் இருக்கும், விமானக் கட்டணம் ஏறிக் கிடக்கும். சிங்கப்பூரில் ஜூனிலும் நவம்பர், டிசம்பரிலும் நீண்ட பள்ளி விடுமுறை, பார்க்கில் அவர்கள் ஊர்ப் பிள்ளைகளின் வரிசையே நீளும். செப்டம்பர் கடைசி வாரம் இவை இரண்டிலும் சிக்காது. இரண்டை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் முதல் வாரம் சீனர்களுக்குத் தேசிய விடுமுறை. ஃபார்முலா 1 இரவுப் பந்தயமும் செப்டம்பர், அக்டோபரில்தான் நடக்கும், அந்த வார இறுதியில் ஹோட்டல் வாடகை கைவைக்க முடியாதபடி ஏறும். அந்த வருடத்துப் பந்தயத் தேதியைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள்.

பணம் எப்படிச் சேரும் என்றால், அந்த 4,500-ஐ இந்த மாதமே வங்கியில் 18 மாத ஆர்.டி.யாகப் போடுங்கள். அஞ்சலக ஆர்.டி. வேண்டாம், அது ஐந்தாண்டுக் கணக்கு. ஆறரை சதவீத வட்டி என்று வைத்தால் 85,000 வரும். சீட்டு முடிந்து வரும் 1,90,000-ஐ ஆறு மாத எஃப்.டி.யில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து 2,75,000. சீட்டு முடிந்தபின் மாதம் 10,000 மிச்சமாகுமே, அது இந்தப் பயணத்துக்கு அல்ல. அதை அவசரகால எஃப்.டி.யில் சேர்த்து நான்கைந்து மாதச் செலவுக்கு உயர்த்துங்கள்.

2,75,000 போதுமா? டிராவல்ஸ்காரர் சொன்ன 2,60,000-ஐ நம்பிக் கிளம்பினால் போதாது. அவர் விலையில் மதியச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் உண்டா? பெரும்பாலான பேக்கேஜ்களில் காலை உணவோடு சரி. நான்கு பேர், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒரு தட்டு 7 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று ஹாக்கர் சென்டர் எனப்படும் மலிவான பொது உணவுக்கூடத்திலேயே சாப்பிட்டாலும் ஐந்து நாளைக்கு 280 வெள்ளி. ஒரு வெள்ளி 70 ரூபாய் என்று கணக்கு வைத்தால் 20,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பார்க்குக்குள் சாப்பிட்டால் இன்னும் கூடும். உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனி. அப்புறம் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட், தலைக்கு 30 வெள்ளி விசாக் கட்டணம், அதன் மேல் ஏஜென்ட் கூலி, பயணக் காப்பீடு, பட்ஜெட் விமானத்தில் பெட்டிக்குத் தனிக் காசு, வாசல் கடையில் பிள்ளைகள் பிடிக்கும் அடம். வரிசையில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் தனி விலை, கூட்டமான நாளில் டிக்கெட்டோடு போட்டி போடும். எல்லாம் சேர்ந்தால் 2,60,000 என்பது 3,10,000-க்குப் போய்த்தான் நிற்கும்.

அதனால் பேக்கேஜ் எடுக்காமல் நீங்களே பிரித்துப் போடுங்கள். கோயம்புத்தூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ நேரடி விமானம் இருக்கிறது, இரண்டிலும் விலை பாருங்கள். என் மதிப்பீட்டில் விமானத்துக்கு 90,000, லிட்டில் இந்தியா பக்கம் குடும்ப அறை நான்கு இரவுக்கு 42,000, சாப்பாடு 20,000. யுனிவர்சலில் பெரியவருக்கு 80 வெள்ளிக்கு மேல், குழந்தைக்கு 60 வெள்ளிக்கு மேல், ஆக நால்வருக்கும் 20,000-ஐத் தாண்டும். இன்னொரு நாள் உயிரியல் பூங்கா மாதிரி ஒன்றுக்கு 15,000. விசா, காப்பீடு, ரயில் பஸ், சில்லறைச் செலவு 35,000. மொத்தம் 2,22,000. மிச்சமுள்ள 50,000 விலை ஏறினால் தாங்குவதற்கு.

டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடம் இரண்டு போதும். கார்டன்ஸ் பை த பேயின் வெளித் தோட்டமும் இரவு விளக்குக் காட்சியும், சாங்கி விமான நிலைய ஜுவலில் இருக்கும் உள்அருவியும், மெர்லயன் சிலையும் இலவசம். சென்டோசாவுக்கு மோனோ ரயிலுக்குக் காசு கொடுக்காமல் ஹார்பர்ஃபிரன்டிலிருந்து கடலோர நடைபாதையில் நடந்தே போகலாம். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பாட்டிலை எடுத்துப் போங்கள்.

பிரித்துப் போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் என்றால் விற்பவர் உங்களிடம் டி.சி.எஸ்., அதாவது விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி முன்பணம், பிடித்தாக வேண்டும். விமான டிக்கெட் மட்டும், ஹோட்டல் மட்டும் என்று தனித்தனியாக வாங்கினால் அது பேக்கேஜ் கணக்கில் வராது. இந்த வரியின் விகிதம் 2020-இல் வந்ததிலிருந்து பலமுறை மாறிவிட்டது, எனவே பேக்கேஜ்தான் எடுப்பேன் என்றால் பணம் கட்டும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். பிடித்த பணம் போய்விடாது, ரிட்டர்னில் காட்டித் திரும்பப் பெறலாம். 12 லட்சம் வரை வரி இல்லையே என்று ரிட்டர்ன் போடாமல் விட்டால்தான் போய்விடும்.

அங்கே கார்டு தேய்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பல கிரெடிட் கார்டுகளில் அந்நியச் செலாவணி மார்க்கப் (வெளிநாட்டுப் பணத்தில் செலவழிப்பதற்கு வங்கி வைக்கும் கூடுதல் கட்டணம்) 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஒரு லட்சம் செலவழித்தால் 4,130 ரூபாய் சும்மா போகும். மார்க்கப் இல்லாத கார்டோ, முன்கூட்டியே வெள்ளியை ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டோ வாங்கிவையுங்கள். மெஷின் "ரூபாயா, வெள்ளியா?" என்று கேட்டால் வெள்ளி என்றே சொல்லுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகத்தான் இருக்கும். அடுத்தவருக்கு ஆலோசனை சொல்லும் நானே முதல் பயணத்தில் ஒரு பொம்மைக் கடையில் பரிச்சயமாக இருக்கிறதே என்று ரூபாயை அழுத்திவிட்டு, ஸ்டேட்மென்ட் வந்த பிறகு முழித்தேன்.

இந்த மே மாதம் வீட்டில் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் உங்களுக்குக் காலையில் போய் இரவில் திரும்பும் தூரம். ஓர் இரவு தங்க முடியுமென்றால் பெங்களூரு, கொச்சி வொண்டர்லா இருக்கிறது. திருப்போரூர்ப் பக்கமும் ஒன்று வந்துவிட்டது. வார நாளில் போனால் டிக்கெட்டும் குறைவு, கூட்டமும் குறைவு. இதில் எனக்கு ஒரு சுயநலமான காரணமும் உண்டு: உங்கள் மகளுக்கு ரோலர் கோஸ்டர் உண்மையிலேயே பிடிக்கிறதா, ஒரு தடவை ஏறிவிட்டு "அப்பா, போதும்" என்கிறாளா என்று சில ஆயிரங்களிலேயே தெரிந்துவிடும். அப்படிச் சொன்னால் சிங்கப்பூர்த் திட்டத்தில் யுனிவர்சலை எடுத்துவிட்டு உயிரியல் பூங்காவுக்கு இன்னொரு நாள் ஒதுக்கலாம்.

மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். "பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்கு அதன் அர்த்தம் நன்றாகத் தெரியும். அடுத்த வருடம் காலாண்டு லீவு என்று நாளைச் சொல்லுங்கள். ஆர்.டி. பாஸ்புக்கை அவளிடமே கொடுத்து, மாதம் எவ்வளவு ஏறியிருக்கிறது, அது எத்தனை வெள்ளி என்று வகுத்து எழுதச் சொல்லுங்கள். தம்பியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்கும் வேலையும் அவளுக்கே இருக்கட்டும்.