பயந்தால் விசுவாசம் குறைவா?

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

எனக்கு 31 வயது. கணக்குப் பிரிவில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வேலையில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும், கை நடுங்கும்.

மூன்று மாதத்துக்கு முன் பதவி உயர்வுக்கு இன்டர்வியூ வந்தது. சபையில் ஓர் அக்கா, "நெகட்டிவாப் பேசாதே, வசனத்தை அறிக்கை பண்ணு" என்றார். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனத்தைத் தினமும் நூறு தடவை சொன்னேன். கண்ணாடி முன் நின்று "நான் தைரியசாலி, எனக்குப் பயமே இல்லை" என்றும் சொன்னேன். முந்தின இரவு இரண்டு மணி வரை ஜெபம். காலையில் உபவாசம், ஒரு காபி மட்டும். உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் கேள்விக்கே வாய் வரவில்லை. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

"எங்கேயோ உனக்குள்ள அவிசுவாசம் இருக்கு" என்கிறார் அதே அக்கா. முன்பு பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது பயப்படுகிறேனே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. ஜெபிக்க உட்கார்ந்தாலே ஆண்டவரிடம் பொய் சொல்வதுபோல் இருக்கிறது. அடுத்த மாதம் ஜெபக்குழுவில் ஐந்து நிமிடம் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளவா, ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளவா?

பெயர் வேண்டாம், ஒரு வாசகி

*

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த இன்டர்வியூ காலையைப் பார்ப்போம். தூக்கம் இல்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை, அதன்மேல் ஒரு காபி. இந்த மூன்றும் சேர்ந்தால் மேடைப் பேச்சாளருக்கே கை நடுங்கும். உங்கள் உடம்பு பசியையும் அசதியையும்தான் காட்டியது. உங்கள் மனம் அதைப் பயம் என்று வாசித்தது, அக்கா அவிசுவாசம் என்று வாசித்தார். உபவாசம் தவறில்லை, நாள்தான் தவறு. அடுத்த முறை இரண்டு மூன்று நாள் முன்னதாகவே உபவாசத்தை முடித்துவிடுங்கள். முந்தின இரவு ஏழு மணி நேரமாவது தூங்கி, காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 1 இராஜாக்கள் 19-இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாவைக் கேட்கிறார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஆண்டவர் கேள்வி கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்து, அந்த அறிக்கை. "எனக்குப் பயமே இல்லை" என்று கண்ணாடி முன் சொன்ன அதே நொடியில், உள்ளே இன்னொரு குரல் "அப்படியா? போன வாரம் மீட்டிங்கில் என்ன ஆனாய்?" என்று கணக்கை எடுத்து வைத்திருக்கும். நூறு தடவை சொன்னால் அந்தக் கணக்கும் நூறு தடவை வரும். 2009-இல் கனடாவில் நடந்த ஓர் உளவியல் ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் தங்களைப் பாராட்டும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அதைச் சொல்லாதவர்களைவிட அவர்கள் மனநிலை மோசமாகவே இருந்தது. நம்பாத ஒன்றைச் சத்தமாகச் சொல்வதை விசுவாசம் என்று நாம்தான் பெயர் மாற்றி வைத்திருக்கிறோம்.

நீங்கள் சொன்ன வசனத்தையும் (பிலிப்பியர் 4:13) அதற்கு முந்தின வசனத்தோடு படியுங்கள். அப்போஸ்தலனாகிய பவுல் அதைக் காவலில் இருந்து எழுதுகிறார். பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் "எல்லாவற்றையுஞ்செய்ய" என்று வருகிறார். கேட்டது கிடைக்கும் என்ற வாக்குறுதி அதில் இல்லை, கிடைக்காவிட்டாலும் நிற்கலாம் என்ற பெலன் இருக்கிறது. இதே பவுல்தான் கொரிந்து சபைக்கு, "பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்" உங்களிடம் இருந்தேன் என்று எழுதினவர் (1 கொரிந்தியர் 2:3). அவரை யாரும் அவிசுவாசி என்று சொல்வதில்லை.

ஆகவே கண்ணாடி வாக்கியத்தை மாற்றுங்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது. கை நடுங்கலாம். நடுங்கினாலும் முதல் பதிலைச் சொல்லி முடிப்பேன். நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." கடைசி வரி சங்கீதம் 56:3. ஒரு தடவை சொன்னால் போதும். இதில் எந்த வரியும் பொய்யில்லை என்பதால் உள்ளே மறுத்துப் பேச எதுவும் இல்லை.

ஜெபத்திலும் அதே நேர்மை வேண்டும். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டும் முறையீடு, "எதுவரைக்கும்" என்று சங்கீதக்காரர் நாலு தடவை கேட்கிறார். அடுத்த இரண்டும் விண்ணப்பம். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை வருகிறது. நீங்கள் நேரடியாக ஐந்தாம் வசனத்தில் ஆரம்பிக்கிறீர்கள், அதனால்தான் பொய் சொல்வதுபோல் இருக்கிறது. இரவில் பத்து நிமிடம் இதே வரிசையில் எழுதி ஜெபியுங்கள். முறையீட்டுக்கே பாதி நேரம் போனாலும் பரவாயில்லை.

இனி நோட்டு வேலை. மீட்டிங் முடிந்த அன்றே, மறப்பதற்குள் எழுத வேண்டும். என்ன நடந்தது, என்ன எண்ணம் வந்தது, பயம் நூற்றுக்கு எத்தனை, எண்ணத்துக்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம், இரண்டையும் பார்த்தபின் நியாயமான வாக்கியம் எது, இப்போது பயம் எத்தனை. உதாரணத்துக்கு: மேனேஜர் கேட்ட கேள்விக்குக் குரல் நடுங்கியது. "எல்லாரும் என்னை முட்டாள் என்று நினைத்திருப்பார்கள்." 85. ஆதாரம்: ஒருவர் போனைப் பார்த்தார். எதிர் ஆதாரம்: நான் சொன்ன தொகையை மேனேஜர் எழுதிக்கொண்டார், மீட்டிங்குக்குப் பின் இரண்டு பேர் என்னிடம்தான் விவரம் கேட்டார்கள். நியாயமான வாக்கியம்: "குரல் நடுங்கியது, சொன்ன விஷயம் போய்ச் சேர்ந்தது." இப்போது 60.

60 வந்ததே வெற்றிதான், பூஜ்யத்தை எதிர்பார்க்காதீர்கள். விசுவாசிகள் இதில் வழக்கமாகச் செய்யும் பிழை, எதிர் ஆதாரம் எழுத வேண்டிய இடத்தில் வசனத்தை எழுதுவது. அங்கே கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும். வசனம் நியாயமான வாக்கியத்துக்குப் பக்கத்தில் வரட்டும். "நான் ஏன் இப்படி இருக்கிறேன்?" என்று கேள்வியாகவும் எழுதாதீர்கள், கேள்விக்கு ஆதாரம் தேட முடியாது. அதை "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று முடிவான வாக்கியமாக மாற்றிய பிறகுதான் சோதிக்க முடியும். எலியாவும் "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று இரண்டு தடவை சொன்னார். அதற்குக் கிடைத்த பதில் ஓர் எண்ணிக்கை: பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7000 பேர்.

எண்ணம் மாறினாலும், பேசிப் பழகாமல் உடம்பு மாறாது. பயம் 30 அளவுக்கு வரும் வேலையில் தொடங்குங்கள்: ஜெபக்குழுவில் வேதபகுதியை வாசிப்பது. பிறகு ஒரு கேள்வி கேட்பது, பிறகு சிறு ஜெபம் ஏறெடுப்பது, அதன் பின் அலுவலக மீட்டிங்கில் ஒரு கருத்து. ஒவ்வொன்றையும் பயம் ஏறக்குறைய பாதியாகக் குறையும்வரை திரும்பச் செய்ய வேண்டும், சாதாரணமாக மூன்று நாலு தடவை பிடிக்கும். ஒரு தடவை செய்து தப்பித்தோம் என்று அடுத்ததற்குத் தாவினால் நிற்காது. பேசும்போதே மனதுக்குள் வசனத்தை ஓட்டுவதையும் விட்டுவிடுங்கள். கவனம் இரண்டாகப் பிரிந்து வார்த்தை தடுமாறும், அதோடு வசனம் தாயத்தாகிவிடும். எழுந்திருக்கும் முன் ஜெபம், நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும் வரை விடுவது ஐந்தாறு தடவை. எழுந்த பின் எதிரில் இருப்பவர் முகம்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் பாரமாகவே இருந்தாலோ, எதிலும் ஆர்வம் இல்லாமல் தூக்கமும் பசியும் கெட்டாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்று தோன்றினால் இரண்டு வாரம் காத்திராமல் அன்றே போங்கள். மருந்து கொடுத்தால், ஜெபிக்கிறோம் நிறுத்திவிடு என்று யார் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

அக்காவிடம் சண்டை வேண்டாம். "எனக்காக ஜெபியுங்கள் அக்கா, காரணம் தேடுவதை என்னிடம் விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

சாட்சிக்கு ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று நிமிடம்தான் பேசுவேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு வார்த்தை விட்டுப்போனால் மொத்தமும் போய்விடும். ஒரு சின்னத் தாளில் நாலு சொல் போதும்: எங்கே இருந்தேன், என்ன நடந்தது, எது மாறியது, எது இன்னும் மாறவில்லை. கடைசியாக உள்ளதை விட்டுவிடாதீர்கள். வீட்டில் யாராவது ஒருவரை உட்காரவைத்து மூன்று தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், கடைசித் தடவை நின்றுகொண்டு. அன்றைக்குத் தாளைக் கையில் பிடித்தால் நடுக்கம் பெரிதாகத் தெரியும், அதனால் வேதாகமத்தின் மேல் வைத்துக்கொள்ளுங்கள்.